மீனுக்கு இட்ட உப்பு

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. உப்பை அள்ளி அள்ளி இட்டும் குப்பைக்குப் போன பண்டம் ஒன்றை நான் அறிவேன். அது எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டி. 200 லிட்டர் தண்ணீர், மளிகைக் கடையில் வாங்கிய 7 பொட்டலம் பொடியுப்பு, சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து மடியில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு கோமாளி மீன்கள். நான்காம் நாள் காலையில் மீன்கள் இரண்டும் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தன.

என் தங்கை எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் அழவில்லை. பள்ளிக்குப் புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "உப்பு சரியாத்தானே போட்டே, அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். சரியாகத்தான் போட்டிருந்தேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்று பாடத்தில் படித்ததைத் தராசில் நிறுத்தே போட்டேன். அளவில் பிழை இல்லை. ஆனால் அவளுக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. பேருந்தில் வடலூரும் குறிஞ்சிப்பாடியும் கடந்து கல்லூரி வந்து சேரும்வரை அந்தக் கேள்வியே காதில் ஒலித்தது. அதற்கு ஓராண்டு கழித்து நான் எழுதும் விடைதான் இக்கட்டுரை.

கவிதையும் சிறுகதையும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நினைவுகளும் மலர்ந்திருக்கும் நம் ஆண்டு மலரில், மீன்தொட்டிக்கு எந்த உப்பு வாங்குவது என்று எழுத வந்தவனைப் பார்த்து நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால், நம் வகுப்பிலேயே கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் மூவர் இருக்கிறோம். நெய்வேலி நகரியத்தில் இன்னும் பலர் உண்டு. அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். கிடைக்கும் விடைகளோ மூன்று. உப்பு உப்புதானே, வீட்டு உப்பையே போடு என்பார் ஒருவர். கடல் இருக்கையில் உப்பு எதற்கு, நீரையே கொண்டுவா என்பார் இன்னொருவர். அயல்நாட்டு வாளியில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை வாங்கு என்பார் மூன்றாமவர். மூவரும் தவறு என்பது என் கருத்து. இரண்டாமவர் மட்டும் பாதி சரி.

முதலில் வீட்டு உப்பு. கடல்நீர் என்றால் சமையலுப்பு கரைந்த நீர் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரு கிலோ கடல்நீரில் கரைந்துள்ள 35 கிராமில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம். இவ்விரண்டும் சேர்ந்ததே நம் சமையலுப்பு. எஞ்சியதில் சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம், பின்னர் பைகார்பனேட் சிறிது, பிற தனிமங்கள் மிகமிகச் சிறிது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த 77 நீர்மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலார் ஆராய்ந்து 1884-இல் முடிவுகளை வெளியிட்டார். எந்தப் பெருங்கடலின் நீரானாலும், உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் மட்டும் மாறுவதில்லை என்பது அந்த ஆய்வு உறுதிசெய்த உண்மை. கடலில் வாழும் உயிர்கள் அந்த விகிதத்திற்குப் பழகியவை. நான் தராசில் நிறுத்தது மொத்தத்தை மட்டுமே. விகிதத்தை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

அப்படியானால் கடலிலிருந்து எடுத்த கல்லுப்பைப் போடலாமே என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். அவன் மரக்காணத்துக்காரன். உப்பளத்தைக் கண்ணால் பார்த்தவன் இப்படிக் கேட்டதுதான் எனக்கு வியப்பு! உப்பளத்தில் நடப்பது பிரித்தெடுக்கும் வேலை. வெயிலில் கடல்நீர் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்பு படிகிறது, அதன்பின் ஜிப்சம். கால்சியத்தின் பெரும்பகுதி அங்கேயே, முன்பாத்திகளிலேயே தங்கிவிடுகிறது. அதற்கும் பிறகு, நீர் நன்றாகக் கெட்டிப்பட்ட நிலையில்தான் கடைசிப் பாத்தியில் நம் உப்பு பூக்கிறது. அதை வாரியெடுத்தபின் எஞ்சும் நீர் வாயில் வைக்க முடியாதபடி கசக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் அதில் இருக்கின்றன. அந்தக் கசப்பு நீரைத் தள்ளிவிட்டால்தான் உப்பு நல்ல உப்பு. ஆக, சமையலுக்கு எவ்வளவு நல்ல உப்போ அவ்வளவுக்குக் கடலிலிருந்து விலகிய உப்பு அது. மரக்காணமானாலும் தூத்துக்குடியானாலும் வேதாரண்யமானாலும் இதுவே நிலை. பொட்டலத்துப் பொடியுப்பில் இதற்கு மேலும் அயோடின் சத்தும், கட்டி தட்டாமல் உதிரச் செய்யும் மருந்தும் வேறு சேர்த்திருக்கிறார்கள். மனிதனுக்கு அவை நன்மையே. மீன் கேட்டது அதுவன்று.

விலங்கியல் மாணவனாகிய நான் இந்த இடத்தில் வெட்கப்பட வேண்டியவன். ஏனெனில், தவளை இதயத்தை வெளியே எடுத்து ரிங்கர் கரைசலில் துடிக்கவிடும் சோதனையை நாமெல்லாம் படித்திருக்கிறோம். அந்தக் கரைசல் பிறந்த கதை என்ன? 1882-இல் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உப்புக் கரைசலில் தவளை இதயம் நெடுநேரம் துடிக்கக் கண்டார். பின்னர்தான் அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கப்படவில்லை, லண்டன் குழாய்நீரில் தயாரிக்கப்பட்டது என்பது தெரியவந்தது. வடித்த நீரில் அதே உப்பைக் கரைத்தபோது இதயம் விரைவில் ஓய்ந்துவிட்டது. குழாய்நீரில் இருந்த சிறிதளவு கால்சியமே அதைத் துடிக்கவைத்தது என்று 1883-இல் அவர் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1900-ஐ ஒட்டி, அமெரிக்காவில் ஜாக் லோப் என்ற அறிஞர் ஃபண்டுலஸ் என்ற கடலோர மீனின் முட்டைகளைக் கடல்நீரின் வலிமைக்குச் சமமான வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் இட்டார். அவை வளராமல் மடிந்தன. சிறிதளவு கால்சியம் சேர்த்ததும் வளர்ந்தன. உப்பு நஞ்சாவதும் மருந்தாவதும் கூட இருப்பவற்றைப் பொறுத்தது என்பதை அவர் அப்படித்தான் கண்டார். மீனின் செவுள்கள் உள்ளே எதை விடுவது, வெளியே எதை விடுவது என்று காவல் காப்பதற்குக் கால்சியம் வேண்டும். கடல்மீன் ஓயாமல் தண்ணீர் குடிக்கும் உயிர் என்பதையும் படித்தோம். இத்தனையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், வீட்டிற்குப் போய் லோபின் சோதனையை இரண்டு கோமாளி மீன்களைக் கொண்டு மீண்டும் ஒருமுறை செய்து பார்த்தான்!

எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "குற்றவாளி ஒருத்தர்தான்னு எப்படிப்பா முடிவு கட்டினே? தொட்டி வெச்சு எத்தனை நாள் கழிச்சு மீனை விட்டே?" என்றார். மறுநாளே விட்டேன் ஐயா என்றேன். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும் என்பதை அவர் நினைவூட்டினார். ஆகவே, என் மீன்கள் உப்பினால் மட்டுமே செத்தன என்று நான் இங்கே சத்தியம் செய்யப் போவதில்லை. உப்பும் அவசரமும் சேர்ந்து கொன்றன. ஆயினும், அவசரத்தைத் திருத்திக்கொண்டு ஆறு வாரம் காத்திருந்தாலும் அந்த உப்பில் அவை வாழ்ந்திரா.

அந்தப் பேராசிரியர்தான் இரண்டாவது விடையின் கட்சிக்காரர். "தேவனாம்பட்டினம் நடக்கிற தூரத்துல இருக்கு. உப்பைத் தேடி ஏம்பா அலையறே?" என்பார். இக்கட்சிக்கு வலிமை உண்டு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தருகே உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையமும் கடலோரத்தில் அமைந்தவை. கடலை அருகில் வைத்துக்கொண்டு வாளி உப்பைக் கரைப்பார் உண்டோ? விகிதத்தைப் பற்றிக் கவலையே இல்லை. கடலே கலந்து கொடுத்த கலவை அது.

ஒரு கார்த்திகை மாதத்து மாலையில், வகுப்பு முடிந்து இரண்டு கேன்களுடன் தேவனாம்பட்டினம் போனேன். கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் நான் முழங்காலளவு நீரில் கேனை அமிழ்த்துவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எதுக்குத் தம்பி இந்தத் தண்ணி?"

"மீன் வளர்க்க அண்ணே."

"இந்தத் தண்ணியிலயா? ஆத்துத் தண்ணி இது. ரெண்டு ஆறும் வந்து விழுது, நெறத்தைப் பாரு. வேணும்னா பங்குனி, சித்திரையில வா. அப்பக்கூடக் கரையில மொள்ளாதே. போட்டுல போறப்ப உள்ள போயி மொண்டுகிட்டு வரணும்."

மறுநாள் ஆய்வுக்கூடத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். நல்ல கடல்நீரில் 1.026 அளவில் நிற்க வேண்டியது 1.020-ஐக்கூட எட்டவில்லை. அவர் சொன்னதே சரி. வடக்கே பெண்ணையாறு, இந்தப் பக்கம் கெடிலம். வடகிழக்குப் பருவமழையில் இரண்டும் பெருகிவந்து கரையோரக் கடலை நீர்த்துப்போகச் செய்கின்றன. தெற்கே உப்பனாற்றின் கரையில் சிப்காட் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பதையும் கடலூரில் படிக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏன், எங்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் இறைக்கும் நீரே பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கு வந்து, கடைசியில் கடலூர்க் கடலில்தான் சேர்கிறது. நான் கேனில் மொண்டு ஊருக்குச் சுமக்க இருந்தது ஒருவேளை என் அப்பா இறைத்துவிட்ட தண்ணீராகவே இருந்திருக்கலாம்!

சுமப்பதைச் சொன்னேன். கணக்கும் பார்த்துவிடுவோம். 200 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர்க் கேன்கள் பத்து. அதன்பின் இரு வாரத்திற்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். அதாவது மாதம் இரண்டு கேன். கல்லூரிப் பேருந்தில் இருபது கிலோக் கேனுடன் ஏறியவனை நடத்துநர் எப்படிப் பார்ப்பார் என்பதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். அத்துடன் முடியவில்லை. கொண்டுவந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஆயிரம். சில நாள் இருட்டில் வைத்துத் தெளியவிட்டு, வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் மூன்று மாதம் கடலே கைவிட்டுவிடும். நம் கல்லூரியில் விலங்கியல் துறைக்கென ஒரு கடல்நீர்த் தொட்டி வைப்பதானால், கோடையில் படகில் போய் மொண்டுவந்து சேமித்து வைக்கும் கடல்நீரே சிறந்தது. அதற்கு நான் முதல் ஆளாகத் தோள் கொடுப்பேன். நெய்வேலி வீட்டுக்கு அது பொருந்தாது. பேராசிரியர் பாதி சரி என்று நான் சொன்னது இதனால்தான்.

எனவே வாளிக்கு வருகிறோம். 1960-களிலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் கடலின் விகிதப்படி உப்புகளைக் கலந்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று 'இன்ஸ்டன்ட் ஓஷன்', 'டிராபிக் மரின்', 'ரெட் சீ' போன்ற பெயர்களில் சென்னைக் கடைகளில் கிடைக்கின்றன, அஞ்சலிலும் வருகின்றன. அரசு கலைக்கல்லூரியில் ஓராண்டுக்கு நாம் கட்டும் கட்டணத்தைவிட ஒரு வாளியின் விலை அதிகம் என்று தெரிந்தபோது எனக்கு மயக்கமே வந்தது. பிறகு தாளில் கணக்குப் போட்டேன். 22 கிலோ வாளி ஒன்றில் முதல் நிரப்புக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோ. மாதம் 40 லிட்டர் மாற்ற ஒன்றரைக் கிலோ. ஆக ஒன்பது மாதம் ஓடும். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் அதற்குச் சரியாக இருந்தது.

இங்கேதான் மூன்றாமவர் குறுக்கிடுகிறார். வாளிகளிலும் வகை உண்டு. ஒன்று, இயற்கைக் கடல்நீரை ஒட்டிய சாதாரண வகை. மற்றொன்று பவளத்துக்கென்றே கூடுதல் கால்சியமும் கூடுதல் காரத்தன்மையும் சேர்த்தது. 'கோரல் புரோ' என்றும் 'ரீஃப் கிரிஸ்டல்ஸ்' என்றும் பெயர் சூட்டியிருப்பார்கள். இயற்கைக் கடலின் காரத்தன்மை, மீன் வளர்ப்போர் கையாளும் டி.கே.எச். அளவையில், ஏறத்தாழ 7. பவள வகை உப்புகளில் சில 12 வரை போகின்றன. விலை கூடுதலானால் தரமும் கூடுதல் என்று நம்புகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குகிறார். கடைக்காரரும் தடுப்பதில்லை.

நான் கேட்பது இதுதான்: அந்தக் கூடுதல் சுண்ணாம்பைத் தின்ன உங்கள் தொட்டியில் யார் இருக்கிறார்கள்? கல் பவளங்கள் தம் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொள்ளக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் நாள்தோறும் நீரிலிருந்து உறிஞ்சுகின்றன. அவை நெருக்கமாக வளரும் தொட்டியில் குறைவதை ஈடுகட்டவே பவள வகை உப்பு. நம் நாட்டிலோ, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. எடுப்பதும் விற்பதும் குற்றம். அப்படியிருக்க, பவளமே இல்லாத தொட்டியில் பவளத்துக்கான உப்பைக் கரைப்பது, குழந்தை இல்லாத வீட்டில் தொட்டில் கட்டி ஆட்டுவது போன்றது. வீண் செலவு ஒருபுறம். மறுபுறம், உறிஞ்ச ஆளில்லாத சுண்ணாம்பு பம்பிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிகிறது. எங்கள் வட்டத்திலேயே ஒரு வீட்டில் பம்பு ஒன்று இப்படி இறுகி நின்றதைப் பார்த்தேன்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று முணுமுணுப்பவர்கள் மன்னார் வளைகுடாவின் கதையைக் கேட்க வேண்டும். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் பக்கம் வரை 21 தீவுகள் என்று பள்ளியில் படித்தோம். 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுகளாக வண்டி வண்டியாக வெட்டியெடுத்தது அதற்கு ஒரு பெருங்காரணம். அலையைத் தாங்கிய மதில் போனபின் மணல் நிற்குமா? செத்த பவளக்கல்தானே, தொட்டியில் அலங்காரமாக வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் விடை. என் தொட்டியில் இருப்பது அப்பாவின் நண்பர் ஒருவர் கல்லக்குடிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த சுண்ணாம்புக்கல். சிமென்ட்டுக்காகத் தோண்டப்படும் அந்தச் சுண்ணாம்புக்கல் படிவங்களில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பவளப்பாறையும் அடக்கம். அன்று அங்கே கடல் இருந்தது. எனக்கு அந்தப் பழைய பாறையே போதும்.

ஆகவே, பவளம் இல்லாத நம் தொட்டிகளுக்குச் சாதாரண வாளியே தகுந்தது என்பது என் துணிபு. எந்த நிறுவனத்தது என்பதைவிட, ஒன்றைத் தேர்ந்தபின் அதையே தொடர்வது முக்கியம். இம்மாதம் ஒன்று, மலிவாகக் கிடைத்ததென்று அடுத்த மாதம் வேறொன்று என மாற்றினால் ஒவ்வொரு முறையும் மீனுக்குக் கடல் மாறுகிறது.

உப்பைத் தேர்ந்தாயிற்று, அதைக் கரைக்கும் நீர்? இதில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு வாரம் போர் நடந்தது. பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியிலுள்ள நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பது. இராப்பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே சுரங்கம் வெட்ட முடியும். 1961-இல் முதல் நிலக்கரியை எடுத்த நாளிலிருந்து இன்றுவரை இறைப்பு நின்றபாடில்லை. அப்பா அந்த இறைப்புப் பிரிவில் வேலை செய்பவர். எனவே எங்கள் வீட்டில் தண்ணீர் வழக்குகளில் அவர் சொல்வதே தீர்ப்பு. "பூமிக்கடியில இருந்து வர்ற தண்ணிடா. தேங்காய்த் தண்ணி மாதிரி இருக்கும். இதை விட்டுட்டு மிஷின்ல வடிகட்டப் போறியா?" என்றார். குடிப்பதற்கு நல்ல தண்ணீர்தான் அப்பா, நான் கேட்பது வெறுந்தண்ணீர் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

நல்ல தண்ணீர் வேறு, வெறுந்தண்ணீர் வேறு. எந்த நல்ல தண்ணீரிலும் ஏதேனும் கரைந்திருக்கும். குழாயில் வரும்போது குளோரினும் சேர்ந்திருக்கும். வாளி உப்பைச் செய்தவன், கரைக்கும் நீரில் எதுவும் இல்லை என்று எண்ணித்தான் விகிதத்தை அமைத்திருக்கிறான். அதன்மேல் நம் குழாய்நீர் தன் பங்குக்கு எதையோ சேர்க்கும். ரிங்கருக்கு லண்டன் குழாய்நீர் நன்மை செய்தது அவருடைய நல்ல நேரம். எனக்கு அந்த நேரத்தை நம்பத் துணிவில்லை. ஆர்.ஓ. நீரில் கரைப்பதென்று முடிவு செய்தேன். ஆர்.ஓ. எந்திரம் கழித்துவிடும் நீர் வீணாகிறதே என்ற அப்பாவின் கேள்வி மட்டும் நியாயமானது. அதை இப்போது வாழைக்குப் பாய்ச்சுகிறோம்.

கரைக்கும் முறையில் நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். உப்பைப் பாத்திரத்தில் கொட்டி அதன்மேல் நீரை ஊற்றாதீர்கள். நீரில்தான் உப்பைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் செறிவு மிகுந்து சுண்ணாம்பு பாலாகத் திரண்டு அடியில் படியும். காசு கொடுத்து வாங்கிய கால்சியம் அங்கேயே போயிற்று. மீன் இருக்கும் தொட்டியில் நேராக உப்பைப் போடுவது கொலை. தனி வாளியில் சிறு பம்பை ஓடவிட்டு ஒரு நாள் கலங்கவிட்டு, ஹைட்ரோமீட்டர் பார்த்து, பிறகே ஊற்ற வேண்டும். வெயிலில் தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால் ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. நீர் போதும், உப்பு ஆவியாவதில்லை. இதை மறந்து நான் ஒரு சித்திரை மாதம் முழுதும் உப்பு நீரையே ஊற்றிவந்தேன். மழைக்காலத்தில் வாளியின் மூடி தளர்ந்திருந்தால் காற்றின் ஈரத்தை மக்னீசிய உப்பு குடித்துக் கல்லாகிவிடும். முதல் வாளியின் கடைசி மூன்று கிலோவை உளி வைத்துப் பெயர்க்க வேண்டியதாயிற்று.

இத்தனை பாடுபட்டு ஒரு மீனை வீட்டில் அடைத்து வைக்க வேண்டுமா என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் கேட்டார். கூர்மையான கேள்வி. கடலிலிருந்து வலைவீசிப் பிடித்த மீனாக இருந்தால் என்னிடம் விடை இல்லை. முதலில் நான் வாங்கியவை எங்கே பிடிக்கப்பட்டவை என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் விஞ்ஞானிகள் கைவரப்பெற்றிருக்கிறார்கள். இப்போது என்னிடம் உள்ள இரண்டும் அப்படிப் பொரித்தவை, கடலையே காணாதவை. அவற்றுக்குக் கடல் என்றால் நான் கலக்கும் வாளிதான். உப்பைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுத அதுவும் ஒரு காரணம்.

பத்து மாதம் ஆகிறது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன, இரண்டில் பெரியது பெண்ணாக மாறும் என்று தங்கையிடம் சொன்னேன். அன்று முதல் அவள் நாள்தோறும் அடிக்கோலைக் கண்ணாடியில் வைத்து இரண்டையும் அளக்கிறாள். ஒன்று மற்றொன்றைவிட ஒரு விரற்கடை பெரிதாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீர் மாற்றும் நாள். சனிக்கிழமை மாலையே தாழ்வாரத்தில் வாளியில் உப்பைக் கரைக்கப் போட்டிருந்தேன். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வந்த அப்பா, சட்டையைக் கழற்றுமுன் குனிந்து ஹைட்ரோமீட்டரைப் பார்த்தார். "இருபத்தி நாலுதான் காட்டுது. இன்னும் ரெண்டு கரண்டி போடணும்போல இருக்கே" என்றார். போட்டேன்.